வேப்பம்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை: ஹார்மோனைக் குலைக்கும் மாசுகள்

தைராய்டு, கணையம், அட்ரினல், சூலகம், விந்தகம் முதலிய நாளமில்லாச் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோன்கள் ரத்தத்தில் மிக மிகச் சொற்பமாகவே இருக்கின்றன. மாதவிடாய்ச் சுழற்சியை நடத்தும் எஸ்ட்ரடையால் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஒரு கிராமின் லட்சம் கோடியில் சில பத்துப் பங்கு, கூடிப்போனால் சில நூறு பங்கு இருக்கும். பூப்பு, கருத்தரிப்பு, சர்க்கரைச் சமநிலை, கருவின் மூளை வளர்ச்சி எல்லாம் இந்த அளவுகளைக் கொண்டே நடக்கின்றன. வெளியிலிருந்து உள்ளே வரும் ஒரு ரசாயனம் ஹார்மோனைப் போல நடிக்கலாம். ஹார்மோன் போய் ஒட்டவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளலாம். ஹார்மோன் உருவாகும் வேகத்தையோ சிதையும் வேகத்தையோ மாற்றலாம். எதைச் செய்தாலும் அதற்குப் பெரிய அளவு தேவைப்படுவதில்லை. இவையே ஹார்மோன் குலைப்பான்கள். 2012இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, ஏறக்குறைய 800 ரசாயனங்கள் இப்படிச் செய்வதாகத் தெரிந்தோ சந்தேகிக்கப்பட்டோ இருக்கின்றன என்றும், அவற்றில் சிலவே முறையாகச் சோதிக்கப்பட்டுள்ளன என்றும் சொன்னது.

வழக்கமான விஷத்திலிருந்து இவை வேறுபடுவது காலக்கணக்கில். பெரியவர் உடலில் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவு, கருவின் முதல் மாதங்களிலோ பூப்படையும் வயதிலோ உடலுக்குள் போனால் நிலையான மாற்றத்தை விட்டுச் செல்லக்கூடும். அந்த மாற்றம் வெளிப்பட இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். 1938இல் தயாரிக்கப்பட்ட டி.இ.எஸ். என்ற செயற்கை எஸ்ட்ரோஜன் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்கக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. தாய்மார்களுக்கு உடனடியாக ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் பெற்ற பெண்களில் சிலருக்குப் பதின்ம வயதிலும் இருபதுகளிலும் பிறப்புறுப்பில் மிக அரிதான புற்றுநோய் வந்தது. 1971இல் அது கண்டறியப்பட்ட பிறகே கர்ப்பிணிகளுக்கு மருந்து நிறுத்தப்பட்டது.

இந்தியாவில் இதற்கு நேர்ச் சான்று காசர்கோடு. கேரள அரசின் முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் தோட்டத்து மலையடிவாரக் கிராமத்தில் 10 முதல் 19 வயது வரையிலான 117 பையன்களையும், தெளிப்பு நடக்காத ஊரில் 90 பையன்களையும் ஒப்பிட்டு, 2003இல் முடிவுகளை வெளியிட்டது. தெளிப்புப் பகுதிப் பையன்களின் ரத்தத்தில் எண்டோசல்ஃபான் கூடுதலாக இருந்தது. வயதுக்கேற்ற பாலின முதிர்ச்சி தாமதமாகியிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து, விந்தகத்தை முடுக்கும் எல்.ஹெச். ஹார்மோன் உயர்ந்திருந்தது. ஒரு பூச்சிமருந்து பையன்களின் பூப்பைத் தள்ளிப்போடக்கூடும் என்பதைக் கணக்காகக் காட்டிய ஆய்வு அது. 2011 மே 13இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானைத் தடை செய்தது.

ஒரு நாளில் போவதும் பல ஆண்டு தங்குவதும்

இந்த மாசுகளைப் பற்றி எழுதப்படும் பெரும்பாலான அறிவுரைகள் பிளாஸ்டிக் டப்பாவில் தொடங்கி பிளாஸ்டிக் டப்பாவிலேயே முடிந்துவிடுகின்றன. நடைமுறைக்கு அதைவிடப் பயனுள்ள பிரிவு ஒன்று உண்டு: உள்ளே போன பொருள் உடலில் எத்தனை காலம் தங்குகிறது? பாலிகார்பனேட் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கிலிருந்து வரும் பிஸ்பீனால் ஏ, பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் தாலேட்கள், அழகுசாதனங்களில் சேரும் பாரபென்கள் ஆகியவை பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். குப்பை எரியும்போது உருவாகும் டயாக்சின்கள் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு, பாதியாகக் குறையவே ஏழு முதல் பதினொரு ஆண்டுகள் எடுக்கும். காரீயம் எலும்பில் பதிந்து பத்தாண்டுக் கணக்கில் கிடந்து, கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது மீண்டும் ரத்தத்துக்கு வரும்.

முதல் வகைக்கு வீட்டுக்குள் செய்யும் மாற்றம் சில நாட்களில் பலன் தரும். அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாட்கள் டின்னிலும் பிளாஸ்டிக்கிலும் அடைபடாத உணவை மட்டும் கொடுத்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், சிறுநீரில் பிஸ்பீனால் ஏ சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. இரண்டாம் வகைக்கு அப்படிப்பட்ட கைவைத்தியம் கிடையாது. உள்ளே போகாமல் தடுப்பதே ஒரே வழி. அது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, ஊருக்குப் பொதுவான இடத்தில் நடக்க வேண்டிய வேலை. திருவள்ளூர் மாவட்டத்தில் கவலைப்பட வேண்டியவற்றில் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

பகுதியின் அமைப்பு

சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவே இருக்கும் வேப்பம்பட்டு, வீட்டுமனைகளும் கல்லூரிகளும் பெருகிய குடியிருப்புப் புறநகர். அதன் கிழக்கே ஆவடியும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும். மேற்கே காக்களூர் சிட்கோ. தெற்கே ஸ்ரீபெரும்புதூர் மோட்டார் வாகன வளாகங்கள். வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் கும்மிடிப்பூண்டி சிப்காட்: இரும்பு உருக்காலைகள், பழைய பேட்டரியிலிருந்து காரீயம் பிரிக்கும் ஆலைகள், ரசாயன ஆலைகள். அபாயக் கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்கும் தளமும் அந்த வளாகத்தில்தான் இயங்குகிறது. கடற்கரையோரம் மணலி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் மிக மோசமாக மாசடைந்த 43 தொழில் பகுதிகளைப் பட்டியலிட்டபோது அதுவும் இடம்பெற்றது. திருவள்ளூர் மாவட்டத்தில்தான் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளும் இருக்கின்றன. ஆலைப் புகையும் குடிநீரும் வயலும் வீட்டுமனையும் இவ்வளவு நெருக்கமாகக் கலந்த இடத்தில், எந்த மாசு எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று தனித்தனியாகப் பார்ப்பதே உதவும்.

புகையும் பாலும்

குப்பையை எரிக்கும்போது, அதிலும் பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது டயாக்சின்கள் உருவாகின்றன. செம்புக்காக மின்கம்பி உறையை எரிப்பது இவற்றுள் மிகக் கேடானது: உறையில் குளோரின் இருக்கிறது, செம்பு வினையூக்கியாகிறது, திறந்தவெளித் தீயின் புகை ஆறும் வெப்பநிலையும் டயாக்சின் உருவாவதற்கு வாட்டமானது. காயலான் கடைக்குப் பின்புறம் கால் மணி நேரம் கம்பி எரிப்பதை யாரும் தொழிற்சாலை என்று கணக்கில் எடுப்பதில்லை. சென்னைப் பகுதியின் குப்பைமேடுகளிலும் மின்னணுக் கழிவு பிரிக்கும் இடங்களிலும் மண்ணை எடுத்துச் சோதித்த ஆய்வாளர்கள் டயாக்சின்களையும் பி.சி.பி. என்ற குளோரின் சேர்மங்களையும் தொடர்ந்து கண்டிருக்கிறார்கள்.

இந்தப் புகையைச் சுவாசிப்பதைவிட, அது படிந்த தீவனத்தின் வழியாக உண்பதே பெரிய பங்கு. சென்னைப் பெருங்குடிக் குப்பைமேட்டருகே வசித்த தாய்மார்களின் தாய்ப்பாலை ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அந்தத் தாய்மார்களின் பாலில் டயாக்சின் மற்ற இடத்தவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. காரணத்தைத் தேடியபோது குப்பைமேட்டில் மேய்ந்த மாடுகளின் பால் முக்கிய வழியாகச் சுட்டப்பட்டது. மாடு மேய்கிறது, டயாக்சின் பால் கொழுப்பில் சேர்கிறது, பால் காபியாகவும் தயிராகவும் வீட்டுக்குள் வருகிறது. திருவள்ளூர் நெடுஞ்சாலையோரக் குப்பைக் குவியல்களில் மாடுகள் நிற்பது அன்றாடக் காட்சி என்பதால் இந்த ஆய்வு இங்கே நேரடியாகப் பொருந்தும். வீட்டு வாசலில் கறந்து தரும் பால் கலப்படமற்றது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. தண்ணீர் கலக்காத பால் என்பது சரியே. ஆனால் மாடு எங்கே மேய்கிறது, தொழுவத்தில் கட்டி வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும் போடப்படுகிறதா என்று பால்காரரிடம் கேட்பது அதைவிட முக்கியமான கேள்வி. நாட்டுக்கோழி முட்டைக்கும் இதே கணக்குத்தான்: எரித்த சாம்பல் கிடக்கும் மண்ணைக் கிளறும் கோழியின் முட்டை மஞ்சள் கருவில் டயாக்சின் சேரும்.

இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பாலை நிறுத்த எண்ணுவது தவறு. தாய்ப்பாலின் நன்மை இந்தக் கலப்பின் தீமையைவிட அதிகம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

காரீயம்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது காரீயம். அது நரம்புக்கான விஷம் என்று மட்டுமே பலருக்குத் தெரியும். பூப்பைத் தாமதப்படுத்துவது, விந்து உற்பத்தியைக் குறைப்பது, கருச்சிதைவைத் தூண்டுவது என்று ஹார்மோன் பாதைகளிலும் அது கைவைக்கிறது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில் ரத்தக் காரீயத்தின் சராசரி ஒரு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இன்று கவலைக்குரியதாகக் கொள்ளும் அளவு 3.5 மட்டுமே. காரீயம் கலந்த பெட்ரோல் 2000இல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டதால், இப்போது மிஞ்சியிருக்கும் வழிகளில் பழைய பேட்டரியை உடைத்து உருக்குவது முன்னால் நிற்கிறது. உரிமம் பெற்ற ஆலையில் புகைவடிகட்டி இருக்க வேண்டும். உரிமமில்லாத கொட்டகையில் அமிலம் தரையில் கொட்டப்பட்டு, காரீயத் தூள் சுற்றுப்புறத்தில் படிகிறது.

ஆலைத் தொழிலாளியின் சட்டையும் செருப்பும் இந்தத் தூளை வீட்டுக்குக் கொண்டுவருகின்றன. வேலை முடிந்ததும் ஆலையிலேயே குளித்து உடை மாற்றுவதும், வேலைத் துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைப்பதும் எந்த வடிகட்டியையும்விடக் குழந்தையைக் காக்கும். தரையை விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் மேலெழும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தையின் குடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் ராகியும் முருங்கைக்கீரையும் இங்கே வெறும் சத்துணவுப் பேச்சாக நின்றுவிடுவதில்லை. தொழிலாளர் சட்டப்படி காரீய நஞ்சேற்றம் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். கண்டுபிடிக்கும் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களில், குறிப்பாக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களில், இந்த விதியைக் கேள்விப்பட்டவர்கள் சொற்பமே.

சமையலறையிலும் ஓர் எச்சரிக்கை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அதில் குற்றமில்லை. மலிவுக்காகக் காரீயம் கலந்த சொம்பில் புளிக்கரைசலைக் கொதிக்க வைத்தால் காரீயம் ரசத்தில் இறங்கும். விலை சந்தேகப்படும்படி குறைந்தால் வாங்காமலிருப்பதே மேல்.

தண்ணீர்

இப்பகுதியில் வீட்டுக்கு வரும் தண்ணீர் மூன்று வகை: போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர். எதையும் கொதிக்க வைப்பதால் கிருமி சாகும். காரீயமோ பூச்சிமருந்தோ சாகாது, தண்ணீர் ஆவியாகக் காரீயத்தின் செறிவு சற்றே கூடும். எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் வேலை செய்யும் ஆர்.ஓ. கருவி காரீயத்தையும், 'என்றும் அழியா ரசாயனங்கள்' எனப்படும் பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்களில் பெரும்பங்கையும் பிடிக்கும். கரி வடிகட்டி பூச்சிமருந்தையும் பிஸ்பீனாலையும் பிடிக்கும். உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பிடித்ததையே திருப்பி விடும். பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்கள் ஒட்டாத பாத்திரம், நீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை ஆகியவற்றிலிருந்து வருபவை. தைராய்டையும் கொழுப்பு அளவையும் பாதிப்பவை. சென்னையின் நீர்நிலைகளிலும் நிலத்தடி நீரிலும் அவை இருப்பதை சென்னை ஐ.ஐ.டி. ஆய்வு கண்டறிந்துள்ளது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இல் காரீயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு.

கேன் விஷயத்தில் பார்க்க வேண்டியது அடிப்பகுதியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண். 7 என்றிருந்து, கேன் கனமாகவும் விறைப்பாகவும் இருந்தால் பெரும்பாலும் பாலிகார்பனேட். பிஸ்பீனால் ஏ கசியக்கூடியது. 1 என்றால் பெட் வகை. அதில் பிஸ்பீனால் சேர்வதில்லை. பழசாகிக் கீறல் விழுந்த பாலிகார்பனேட் கேன், மினி லாரியிலும் கடை வாசலிலும் சித்திரை வெயிலில் கிடந்தால் கசிவு கூடும். வெயிலில் வைக்கப்பட்ட கேனையும் தேய்ந்துபோன கேனையும் திருப்பி அனுப்பலாம்; வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தால் கடைக்காரர் நிழலில் வைப்பார். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குழந்தைப் பால்புட்டிகளில் பாலிகார்பனேட்டை 2015இலேயே விலக்கிவிட்டது. பிஸ்பீனால் ஏ-க்கு ஒரு நாளில் உட்கொள்ளத்தக்க அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் 20,000 மடங்கு குறைத்தது.

தைராய்டைப் பொறுத்தவரை போர் தண்ணீரின் நைட்ரேட்டைக் கவனிக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியும் போர்வெல்லும் ஒரே மனையில் சில அடி இடைவெளியில் இருக்கும் வீடுகளில் நைட்ரேட் சேர வாய்ப்பு அதிகம். நைட்ரேட்டும், பட்டாசு மருந்திலிருந்து வரும் பெர்குளோரேட்டும் தைராய்டு அயோடினை இழுத்துக்கொள்வதைத் தடுக்கின்றன. சிவகாசி வட்டார நிலத்தடி நீரில் பெர்குளோரேட் பதிவாகியிருக்கிறது. 2018–19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதம் மாநிலங்களிலேயே தமிழ்நாட்டில்தான் குறைவாக இருந்தது. கல்லுப்பின் மீதுள்ள பற்றை இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பது நல்லது.

வீட்டுக்குள்

சூடும் எண்ணெயும் புளிப்பும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து சேர்மங்கள் உணவுக்கு எளிதில் இடம்பெயரும். கொதிக்கும் சாம்பாரையும் டீயையும் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருவது 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருந்தும் தொடர்கிறது. ஹோட்டலுக்குப் போகும்போது எவர்சில்வர் தூக்கு எடுத்துப்போகும் பழைய வழக்கத்தை மீட்டால் இந்தத் தொல்லை தீரும். ஏ.டி.எம். ரசீது, கடை பில் போன்ற வெப்பத்தாளின் மேற்பூச்சில் பிஸ்பீனால் உதிரியாக இருப்பதால் அது விரலுக்கு உடனே ஒட்டும். கைச்சுத்திகரிப்பான் பூசிய ஈரக் கையோடு தொட்டால் தோல் இன்னும் கூடுதலாக உறிஞ்சும். வாங்குபவரைவிட, நாள் முழுவதும் பில் கிழிக்கும் கவுன்டர் பெண்ணுக்கே இதில் ஆபத்து. கிருமிநாசினி சோப்பில் இருந்த ட்ரைக்ளோசானை அமெரிக்கா 2016இல் விலக்கியது. பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளில் தேடியபோது தாமிரபரணியில் அது வியப்பூட்டும் அளவில் கிடைத்தது. சாதாரண சோப்பே போதும்.

காய்கறிகளில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்து ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் ஓரளவு குறையும். உள்ளே ஊடுருவிய மருந்து போகாது. கத்தரி, வெண்டை, கறிவேப்பிலை ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை. தெளிப்பவருக்கே முதல் கேடு: மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பூச்சிமருந்தோடு நேரடித் தொடர்புள்ளவர்களிடம் சர்க்கரை நோய் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டது. குடல் கிருமிகள் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தைச் சிதைத்து உருவாக்கும் பொருள், கல்லீரலைச் சர்க்கரை உற்பத்திக்குத் தூண்டுகிறது என்று அந்த ஆய்வு எலிகளில் காட்டியது.

உடலில் என்ன தெரியும், எதைச் சோதிக்கலாம்

காரீயம் குழந்தையின் அறிவாற்றலைக் குறைக்கும் என்பதும், எண்டோசல்ஃபான், தாலேட் போன்றவை ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் என்பதும் வலுவான சான்றுள்ளவை. இளம்பெண்களிடம் பரவலாகக் காணப்படும் சூலக நீர்க்கட்டிப் பிரச்சினையை, அதாவது பி.சி.ஓ.எஸ்.-ஐப் பொறுத்தவரை கூடுதல் நிதானம் வேண்டும். அவர்களின் ரத்தத்தில் பிஸ்பீனால் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன; ஆனால் ஆண் ஹார்மோன் கூடினால் பிஸ்பீனாலை உடல் வெளியேற்றும் வேகமும் குறைகிறது, ஆகவே எது காரணம் எது விளைவு என்பது குழப்பமானது. உணவு, உடற்பயிற்சி, மரபு ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு எல்லாப் பழியையும் பிளாஸ்டிக் மேல் போடுவது சரியல்ல.

பிஸ்பீனால், தாலேட் அளவைப் பார்க்கத் தனியார் ஆய்வகங்களில் பணம் செலவழிப்பது வீண்; காலையில் இருப்பது மறுநாள் இருக்காது. உருக்காலைக்கு அருகில் வசிப்போர், அங்கே வேலை செய்வோரின் குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு ரத்தக் காரீயச் சோதனை பொருள் உள்ளது. கர்ப்பம் உறுதியானதும் தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.ஹெச். அளவைப் பார்ப்பதும் அவசியம். பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன் மார்பு வளர்ச்சி, பையனுக்கு 14 வயதாகியும் விந்தக வளர்ச்சி தொடங்காமை, பிறந்த ஆண் குழந்தைக்கு ஆறு மாதமாகியும் விந்தகம் இறங்காமை, சிறுநீர்த் துளை இடம் மாறியிருத்தல் ஆகியவை தெரிந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ குழந்தை அறுவை மருத்துவரிடமோ காட்ட வேண்டும்.

புகார் செய்யும் முறை

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் மாவட்ட அலுவலகங்கள் உண்டு. 'புகை வருகிறது' என்று எழுதிய மனு எங்கும் போய்ச் சேராது. தேதி, நேரம், காற்றடித்த திசை, புகையின் நிறம், வாசனை, எவ்வளவு நேரம் நீடித்தது என்று இரண்டு வாரத்துக்குக் குறிப்பேட்டில் எழுதி, படங்களோடு பல வீட்டார் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதிகாரி ஆய்வுக்கு வர வேண்டிய கட்டாயம் ஏற்படும். இரவிலும் மழை நேரத்திலும் புகை விடப்படுகிறது என்ற குற்றச்சாட்டு தொழிற்பேட்டைகளில் அடிக்கடி எழுவதால் இரவுக் குறிப்புகள் தனி மதிப்புடையவை.

அத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று ஆவணங்களைக் கேட்க வேண்டும்: ஆலைக்கு நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 ஆகியவற்றின் கீழ் வழங்கிய இசைவாணையும் அதன் நிபந்தனைகளும், வாரியம் எடுத்த மாதிரிகளின் பகுப்பாய்வு முடிவுகள், ஆலை ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் தாக்கல் செய்ய வேண்டிய ஐந்தாம் படிவச் சுற்றுச்சூழல் அறிக்கை. நிபந்தனையையும் பகுப்பாய்வு முடிவையும் அருகருகே வைத்தால் மீறல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தொழிலாளர் பாதிப்பு என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும், உரிமமில்லாத பேட்டரிக் கொட்டகை என்றால் வட்டாட்சியருக்கும் நகல் அனுப்ப வேண்டும்.

இவற்றால் பலனில்லாதபோது சென்னையில் அமர்ந்துள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடலாம். வழக்கறிஞர் இல்லாமலும் மனுத் தாக்கல் செய்ய முடியும். இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் செல்பவர்கள், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். 15ஆம் பிரிவில் இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. வாரியத்துக்குக் கொடுத்த முதல் மனுவின் ஒப்புகைச் சீட்டு இந்தக் கால வரம்பைக் கணக்கிடும்போது தேவைப்படும் என்பதால், மனுவை நேரில் கொடுத்து முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ள வேண்டும்.